அந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளி

மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக பில் போட்டுக்கொண்டிருந்ததால் அவளை எல்லோரும் பில்லக்கா என்றே கூப்பிட்டார்கள். தன்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான். யார் எந்த மாத்திரையை எந்தக் கிழமை வாங்குவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால், "என்ன சார், ஊருக்குப் போயிட்டீங்களா, இல்ல மாத்திரைய மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை, கடையில் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் பதினோரு மணிக்குள் தீர்ந்துபோயின. சாதாரணமாக ஒரு பெட்டி ஒரு வாரத்துக்கு வரும். முதலாளி மொத்தக் கடையிலிருந்து இன்னும் நாலு பெட்டி வரவழைத்தார். சாயங்காலத்துக்குள் அதுவும் ஏறக்குறைய காலி.

"என்ன அண்ணே, ஊர் மொத்தத்துக்கும் சேத்து வயிறு கெட்டுப்போச்சா?" என்றாள்.

முதலாளி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "வெயில்மா. வெயில் காலத்துல இப்படித்தான்."

மறுநாள் அவள் வீட்டுக்காரருக்கே வந்துவிட்டது. அவர் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டர். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போகவில்லை. புதன்கிழமை எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை ரத்தமாகப் போனது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வார்டில் கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று போனது. "பொதுமக்கள் குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். குடிநீர் வாரியம்." தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும், "இப்ப சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரருக்கு மூத்திரம் நின்றுபோனது. தண்ணீரில் வந்த கிருமியின் விஷம் ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தை அடித்துவிட்டது என்றார் டாக்டர். டயாலிசிஸ் தொடங்கினார்கள். நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரிதான் வீடு.

அந்த நாற்பத்தோரு நாளில்தான் நாத்தனாரோடு பேச்சுவார்த்தை திரும்ப ஆரம்பமானது. வீட்டுக்காரரின் தங்கை கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மாமியார் காலமானபின் ஒரு பீரோ யாருக்கு என்பதில் வந்த சண்டையில், மூன்று வருஷமாக அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசியதில்லை. ஒரே அறையில் இருந்தாலும், "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க", "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று நடுவில் அவரைத் தந்தி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். தந்தி ஆபீஸ் இப்போது படுத்துக் கிடந்தது. முதல் நாள் டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாத்தனார் ஒரு ஃப்ளாஸ்கோடு வந்து நின்றாள்.

"அண்ணி, காலைல இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

பில்லக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவள் தோளில் சாய்ந்து விம்மிவிட்டாள். பீரோ கதை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்காரர் உயிரோடு திரும்பினார். ஆனால் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதி வேலைதான் செய்யும், இனி பாரம் தூக்கக் கூடாது, வெல்டிங் சூட்டில் நிற்கக் கூடாது, ஆயுசுக்கும் மருந்து என்று எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம் என்று வாரியம் அறிவித்திருந்தது. நூற்று அறுபத்துநாலு குடும்பங்கள் கொடுத்தன. மூன்று மாதம் கழித்து பதில் வந்தது.

'பிரதானக் குழாயில் வியாழன் இரவு ஏற்பட்ட கசிவு, வெள்ளிக்கிழமை கண்டறியப்பட்டு அன்றே பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. தங்கள் நோய் அதற்கு முன்பே தொடங்கியிருப்பதால், அதற்கும் வாரியக் குடிநீருக்கும் தொடர்பில்லை. வெளி உணவு அல்லது வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யாத அலட்சியம் காரணமாக இருக்கலாம். மனு நிராகரிக்கப்படுகிறது.'

வந்த பதில்களில் முக்கால்வாசி இதே வாசகம். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தாள். "வெள்ளிக்கிழமை வந்த கிருமி எப்படி அண்ணி செவ்வாக்கிழமையே அண்ணனைக் கடிச்சுது? அப்ப எங்க அண்ணன்தான் பொய்யாப் படுத்துக் கிடந்தாரா?"

பில்லக்கா கடிதத்தை மடித்தாள். அவள் மனசுக்குள் அந்தத் திங்கட்கிழமையின் ஐந்து காலிப் பெட்டிகள் ஓடின.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். நாத்தனார் கடையில் பத்து வருஷமாக நகல் எடுப்பவர். சிரிப்பது அபூர்வம். பேசுவதோ, ஒவ்வொரு வார்த்தையையும் சொந்தக் காசில் வாங்கினவர் மாதிரி. பில்லக்கா கொண்டுபோன கணினித் தாள்களை ஒன்று விடாமல் பார்த்தார். முதலாளியிடம் கேட்டு, வாங்கினவர் பெயர்களை நீக்கிவிட்டு, எந்த நாளில் எத்தனை பாக்கெட் என்பதை மட்டும் அவள் எடுத்து வந்திருந்தாள்.

"நல்லாருக்கு. ஆனா போதாது" என்றார் வக்கீலம்மா. "ஜனங்களுக்கு முன்னாடியே உடம்பு முடியாமப் போச்சுன்னு இது சொல்லுது. தண்ணியாலதான்னு சொல்லல. வாரியத்துக்குத் தெரியும்னும் சொல்லல. அந்த ரெண்டும் வேணும்."

"எங்க போய் எடுக்கிறது?"

"உங்க தெருவுல இருந்து ஆரம்பிங்க."

அடுத்த ஏழு வாரங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும், இரண்டு பெண்களும் வீடு வீடாகப் போனார்கள். கூடவே அந்தப் பகுதியின் பழைய தபால்காரரும் வந்தார். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. நோய் பரவிய அந்த வாரம் புதன்கிழமை அவர் மனைவி இறந்துபோயிருந்தார். அவருக்கும் அதே கடிதம்தான்: வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யாத அலட்சியம். மாசாமாசம் தொட்டிக்குள் இறங்கித் தன் கையால் தேய்த்துக் கழுவிய மனுஷனுக்கு அது.

"காசு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரிம்மா" என்றார் அவர். "நான் அலட்சியமா இருந்து அவளைக் கொன்னுட்டேன்னு எழுதியிருக்கான் பாருங்க, அந்த வரிய அழிக்கணும். அது போதும் எனக்கு."

பெண்கள் தட்டினால் 'எதுவும் வேணாம்' என்று மூடிய கதவுகள், அவர் குரல் கேட்டதும் திறந்தன. முப்பது வருஷம் கடிதம் கொடுத்த முகம். உங்க வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா, எந்தக் கிழமை ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு, பில்லக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாத்தனார் நகர வரைபடத்தைப் பெரிதாக்கி எட்டுத் தாள்களில் எடுத்து ஒட்டினாள். கடைத் தரையில் விரித்தால் நடக்க இடமில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் நோய் வந்த வீடுகளுக்கெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைத்தார்கள். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றார்.

அம்மை பாதி உடம்புக்குத்தான் போட்டிருந்தது. ஊருக்கு இரண்டு மேல்நிலைத் தொட்டிகள். மேற்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகும் தெருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று புள்ளி. கிழக்குத் தொட்டித் தெருக்களில் முன்னூற்றுச் சொச்சம். வெளி உணவு என்றால் கிழக்கே இருப்பவர்கள் மட்டுமா வெளியே சாப்பிட்டார்கள்?

"முதல் கேள்விக்குப் பதில் கெடைச்சாச்சு" என்றாள் நாத்தனார்.

பில்லக்கா வரைபடத்தின் மேல் குனிந்தபடி இருந்தாள். பில்லில் ஒரு எண் உதைத்தால் அவள் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியிருந்தது.

"இங்க பாரேன். இந்த இடத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?"

கிழக்குத் தொட்டிக்கு நேர் பின்னால், நாலு பக்கமும் சிவப்பு சூழ, நடுவில் ஒரு சதுரம் வெள்ளையாக இருந்தது. முப்பத்தாறு வீடுகள். அங்கேயும் எல்லாக் கதவையும் தட்டியிருந்தார்கள். ஒருவர் விடாமல், 'எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே' என்று சொல்லியிருந்தார்கள்.

"அது வாரியத்தோட குவார்ட்டர்ஸ்" என்றார் தபால்காரர்.

நாத்தனார் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதே தொட்டி. அதே குழாய்" என்றாள் பில்லக்கா மெதுவாக. "அவங்க வயிறு மட்டும் என்ன இரும்பா?"

"இரும்பு வயித்துக்காரனே இங்க ஸ்டூல்ல உக்காந்திருக்கான்" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப அவங்க அந்தத் தண்ணிய குடிக்கல" என்றாள் அவள். "வேற என்னமோ குடிச்சிருக்காங்க."

வேறு என்ன குடிப்பார்கள்? கேன் தண்ணீர். அந்தப் பகுதிக்குக் கேன் போடுகிறவர் ஒரே ஒருத்தர்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பில்லக்கா அவர் கிடங்குக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்த நீலக் கேன்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. கேன்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் கேட்டதைக் கேட்டதும் அவர் கை நின்றது.

"எனக்கு லைசென்ஸ் குடுக்கிறவங்களே அவங்கதான்மா. என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க."

"நான் உங்களை வந்து சாட்சி சொல்லுங்கன்னு கேக்கல அண்ணே. அந்த வாரம் குவார்ட்டர்ஸுக்கு எத்தனை கேன் போச்சு, எந்த நாள் போச்சு? அது மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு கேனை நிமிர்த்தி வைத்தார். பிறகு வேறு எதையோ பேசினார்.

"உங்க வீட்டுக்காரர்தான என் கிடங்கு ஷட்டர் போட்டது? எப்படி இருக்காரு?"

"நிக்கிறாரு. தூக்க முடியாது."

கேன்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "கொண்டுபோற கேனுக்கெல்லாம் கையெழுத்து வாங்குற வழக்கம் என்னோடது. நோட்டு பத்திரமா இருக்கு. நானா வந்து சொல்றேன்னு சொல்ல மாட்டேன்மா. கோர்ட்டு கூப்பிட்டா வராம இருக்க மாட்டேன்."

பில்லக்கா கடைக்கு நடக்கவில்லை, ஓடினாள். போனில் அதைக் கேட்ட வக்கீலம்மா, "சம்மன் போட்டுடலாம்" என்றார். அப்புறம் ஒரு நொடி கழித்து, "பலே" என்றார். அந்த ஒரு வார்த்தையை நாத்தனார் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வக்கீலம்மா எல்லோர் சார்பிலும் போட்ட வழக்கு தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு வந்த அன்று, உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரமாக நின்றார்கள். முதலில் பில்லக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். வாரியத்தின் வக்கீல் உயரமானவர், சிரித்த முகம்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பன்னெண்டாவதுங்க."

"அப்ப டாக்டர் இல்ல."

"இல்லீங்க."

"கிருமியப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்களும் இல்ல."

"இல்லீங்க."

"அப்புறம் எந்தத் தகுதியில தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க?"

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லலீங்க" என்றாள் அவள். "முந்தின வாரம் திங்கட்கிழமை எங்க கடையில ஒன்பது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போச்சு. அந்தத் திங்கட்கிழமை இருநூத்தி நாப்பது போச்சு. எனக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான்."

சுவரோரம் ஒரு சிரிப்பு ஓடியது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அது வெயில் காலம். வெயில் காலத்துல விக்கிறது சகஜம்தானே?"

"போன வருஷம் அதே வாரம் திங்கட்கிழமை பதினொண்ணு. அதுக்கு முந்தின வருஷம் எட்டு. ரெண்டு வருஷமும் வெயில் அடிச்சுதுங்க."

இந்தத் தடவை சிரிப்பு சுவரோரத்தோடு நிற்கவில்லை. வாரியத்தின் வக்கீல், "வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வாரியத்தின் செயற்பொறியாளர் வந்தார். வெளுத்த சட்டை, சோர்ந்த கண்கள். குளோரின் பதிவேட்டைக் காட்டி, எல்லா நாளும் அளவு சரியாக இருந்தது என்றார். வக்கீலம்மா எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"வாரியக் குவார்ட்டர்ஸ்ல."

"எந்தத் தொட்டித் தண்ணி?"

"கிழக்குத் தொட்டி."

"அறிவிப்பு வந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் முழுக்க, வீட்ல என்ன தண்ணி குடிச்சீங்க?"

"குழாய்த் தண்ணிதான். எங்க தண்ணி மேல எங்களுக்கு நம்பிக்கை உண்டு."

"குவார்ட்டர்ஸ்ல முப்பத்தாறு வீடு. யாருக்காவது உடம்பு முடியாமப் போச்சா?"

"ஒருத்தருக்கும் இல்ல. அதையேதான் நாங்களும் சொல்றோம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி தண்ணில கோளாறு இருந்தா, எங்க பிள்ளைங்களுக்கும் வந்திருக்கணுமே?"

"வந்திருக்கணும்" என்றார் வக்கீலம்மா. "நானும் அதத்தான் யோசிச்சேன்."

கேன்காரரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சட்டையோடு, கக்கத்தில் நீள நோட்டோடு வந்தார். நீதிபதி சொன்னபடி பக்கத்தைத் திருப்பிப் படித்தார். குவார்ட்டர்ஸுக்கு வழக்கமாக வாரம் ஐந்தாறு கேன் போகும். அறிவிப்பு வந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளி, மதியம் இரண்டு மணிக்கு, எழுபத்திரண்டு கேன். வீட்டுக்கு இரண்டு. அடுத்த செவ்வாய் இன்னொரு எழுபத்திரண்டு. பக்கத்தில் 'அவசரம்' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து, பதவி முத்திரையோடு.

நீதிபதி நோட்டை வாங்கிப் பார்த்தார். பொறியாளர் பக்கம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க ஐயா."

"ஊருக்கு ஒரு வாரம் கழிச்சு சொன்னீங்க. அந்த வெள்ளிக்கிழமை மதியம் உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

வாரியத்தின் வக்கீல் எதையோ தேடுவதுபோலத் தாள்களைப் புரட்டினார். பொறியாளர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் குளோரின் போடுற மெஷின் நின்னுபோச்சு ஐயா. சாக்கடைக்குப் பக்கத்துல குழாய் கசியுதுன்னு ஏற்கனவே தெரியும். வெள்ளிக்கிழமை காலைல லேப்ல இருந்து போன் வந்துச்சு, கிருமி இருக்குன்னு. மேல சொன்னேன். ஸ்பேர் பார்ட் வர்ற வரைக்கும் பொறுங்க, ஜனங்களப் பதற வைக்காதீங்கன்னு சொன்னாங்க." அவர் தலை கவிழ்ந்தது. "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு ஐயா. எங்க குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மட்டும் சொன்னேன்."

"பதிவேட்டுல அளவு சரியா இருக்கே?"

"எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது கேட்டது. பில்லக்காவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போலத்தான் இருந்தது. பக்கத்தில் நாத்தனார் அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிராகரித்த மனுக்கள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். நோய் அறிவிப்புக்கு முன்பே தொடங்கியிருந்தாலும், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையிலிருந்து வாரியமே பொறுப்பு. ஆஸ்பத்திரிச் செலவும், இழந்த வருமானமும், வெல்டரைப் போன்றவர்களுக்கு ஆயுள் முழுவதற்குமான சிகிச்சையும் வாரியம் ஏற்க வேண்டும். மறைக்கச் சொன்ன மேலதிகாரிகள் மேல் தனி வழக்கு. தண்ணீரின் தினசரிச் சோதனை முடிவு ஒவ்வொரு தொட்டியின் வாசலிலும் ஜனங்கள் படிக்கும்படி எழுதி வைக்கப்பட வேண்டும்.

நீதிபதி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யாத அலட்சியம் என்று மனுதாரர்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது வாரியத்தின் கடிதங்களிலிருந்து நீக்கப்பட வேண்டும். வாரியம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

தபால்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த வரிய மட்டும் இன்னொரு தடவை படிப்பீங்களா?"

நீதிபதி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு நிறுத்தி, நிதானமாக, மறுபடியும் படித்தார். தபால்காரர் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணைத் துடைக்கவில்லை. தலை நிமிர்ந்தபடியே உட்கார்ந்தார்.

வெளியே படிக்கட்டில் நின்ற கூட்டத்துக்குச் சேதி சொல்ல மைக் தேவைப்படவில்லை. நாத்தனார் முதல் படியிலிருந்தே, "ஜெயிச்சுட்டோம்!" என்று போட்ட சத்தத்தில், எதிர்க் கடை மாடிப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. யாரோ விசிலடித்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், முன்பின் தெரியாத பில்லக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். கேன்காரரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், அவர், "சட்டை கசங்கும்யா!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினார்.

கடைசியாக வந்த வக்கீலம்மா தீர்ப்பின் நகலை நாத்தனார் கையில் கொடுத்தார். "எல்லாருக்கும் ஒண்ணு வேணும். நூத்தி அறுபத்திநாலு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். பல்வரிசை ரொம்ப அழகு.

மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஜெராக்ஸ் மெஷின் நிற்கவே இல்லை. நாத்தனார் தாள் போட்டாள், பில்லக்கா பக்கம் சரிபார்த்தாள், வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பின் அடித்தார். தெரு முழுக்க ஜனங்கள் சூடு ஆறாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதல் பக்கத்தில், ஒருவர் நடுவில், ஒருவர் நேராக மன்னிப்பில்.

"ஏங்க, கை வலிக்கப்போகுது. குடுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் பில்லக்கா.

"பேசாம இருடி" என்றார் அவர், அடுத்த தாள்கட்டை இழுத்துக்கொண்டே. "ரொம்ப நாள் கழிச்சு நல்ல வேலை வந்திருக்கு."